பிறைக்கு முந்திய ஜெம்

ரூபி என்ற நிரல்மொழியில் வேலை செய்கிறவர்களுக்கு நிரல் எழுதுவது பாதி வேலை, யாரோ எழுதியவற்றுக்குள் சண்டை விலக்குவது மீதி வேலை. பிறர் எழுதிவைத்த நிரல்களை ஜெம் என்போம். எதற்கு எந்தப் பதிப்பு என்று மல்லுக்கட்டித் தொண்டை வறண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். எனக்கு அது நோன்பிலேயே நடந்தது.

ஒரே வீடு

சாய்ந்தமருதில் ஒரு பள்ளிவாசலுக்காக, நோன்பு, பெருநாள் அறிவித்தல்களை ஊராரின் போனுக்கு அனுப்பும் மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இருபத்தொன்பதாம் நோன்பன்று காலையில் அது வாயை மூடிக்கொண்டது. போன் கம்பனி பழைய வழியை அடைத்திருந்தது. செய்தி அனுப்பும் ஜெம்மைப் புதுப்பித்தேன். அது, திகதிகளைக் கையாளும் திகதி ஜெம்மின் மூன்றாம் பதிப்பைக் கேட்டது. இஸ்லாமிய நாட்காட்டி ஜெம்மோ இரண்டாம் பதிப்புத்தான் வேண்டும் என்று நின்றது. ரூபி ஒரு நேரத்தில் ஒரு ஜெம்மின் ஒரு பதிப்பைத்தான் ஏற்றும். பள்ளிவாசல் செயலாளர் காசிம் காக்காவுக்கு இதை விளக்கினேன். அவர் கேட்டார்:

"பழசும் புதுசும் ஒரே ஊட்டுல இரிக்க ஏலாதா புள்ள?"

முந்திய பெருநாள்

நாட்காட்டி ஜெம்மையும் புதிதாக்கினேன். சண்டை போன இடம் தெரியவில்லை, எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்னோடு வேலை செய்யும் ஆலையடிவேம்பு நிரோஷா சோதித்துப் பார்த்தாள். பொழுதுசாயும் மஃரிப் தொழுகை நேரத்தோடு தானாகப் போகக் காத்திருந்த செய்தி, நாளை பெருநாள் என்றது! பழைய பதிப்பில், அன்று மாலை பிறை கண்டால் மறுநாள் பெருநாள், இல்லையேல் முப்பதாம் நோன்பு என்ற முடிவு வந்த பிறகு, காக்கா சொல்லும் நாளைக் கையால் குறிப்போம். புதியதில் அந்த வசதியையே எடுத்துவிட்டு, கணக்குப்போட்டே முடிவுசெய்யும்படி மாற்றியிருந்தார்கள். அது போயிருந்தால் எத்தனை வீட்டில் நோன்பை விட்டிருப்பார்கள்? அவசரமாக அந்தச் செய்தியை நிறுத்திவைத்தேன். நிரோஷா மட்டும் சிரித்தாள்:

"நாங்க வானத்தப் பாக்க முன்னமே இது பாத்திட்டுது போல."

யார் போட்ட தடை?

பழைய நாட்காட்டிக்கே திரும்பினேன், பழைய சண்டையும் கூடவே வந்தது. பின்னேரம் அசர் தொழுதபின் ஒரு கேள்வி குடைந்தது. மூன்றாம் பதிப்பில் இதற்கு அப்படி என்னதான் ஆகாது? நாட்காட்டி ஜெம்மைத் திறந்து வாசித்தேன். திகதி ஜெம்மில் அது தொடுவது இரண்டே செயல்களை, அவை இரண்டும் மூன்றாம் பதிப்பிலும் மாறாமல் இருந்தன. எழுதியவர் சும்மா ஒரு பாதுகாப்புக்குத் தடை போட்டிருக்கிறார்! ஜெம்மைப் பிரதியெடுத்து, தடை போட்ட அந்த ஒற்றை வரியை மாற்றினேன். எல்லாச் சோதனையும் தேறியது. நோன்பு திறந்து, கஞ்சியைக் கையில் எடுக்கும்போது காக்காவின் அழைப்பு வந்தது:

"எங்கயும் பிறை காணல்லையாம் புள்ள. நாளைக்கும் நோன்புதான் எண்டு உங்கட ஜெம்முக்கும் சொல்லிடுங்க."

பதிப்புச் சண்டையைச் சரியாகத் தீர்த்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு, ஊரோடு சேர்ந்து இன்னுமொரு நோன்பு.