பாக்கியத்தின் பெர்மிட்டும் ஓர் 'எஸ்'ஸும்

போன புதன்கிழமை மண்டபத்தில் நடந்ததை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. பதினோரு வருஷமாக ஹைஸ்கூலில் இங்கிலீஷ் சொல்லித் தருகிறவள் நான். பி.ஏ., எல்.டி. — இரண்டு பட்டமும் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அப்படிப்பட்டவள், ஓர் ஆபீஸரின் மேஜைக்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வராமல் வேர்த்து விறுவிறுத்து நின்றேன்!

முதலிலிருந்து சொல்கிறேன்.

பாக்கியம் எங்கள் அடுத்த வீட்டுக்காரியின் தங்கை. தேவிபட்டினத்துக்கு மேற்கே ஒரு கிராமம். கணவருக்குக் கண்டியில் ஒரு கடையில் வேலை. அவரைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. முன்னெல்லாம் தனுஷ்கோடியில் கப்பலேறினால் அக்கரை. இப்போது அப்படியா? இலங்கைக்குள் நுழையப் பெர்மிட் வேண்டும். மண்டபத்து ஆபீஸர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். உண்மையான மனைவிதான் என்று அவர் மனதுக்குப் பட்டால்தான் முத்திரை விழும். படாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ, யாருக்குத் தெரியும்?

ஆபீஸருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்லத் துபாஷி ஒருவர் உண்டு. ஆனால் புதன்கிழமைகளில் அவருக்கு வேறு ஊரில் வேலையாம். பாக்கியத்துக்கு வந்த தாக்கீது புதன்கிழமைக்கு! பத்து வாக்கியம் இங்கிலீஷில் கற்றுக்கொடுங்கள் என்று என்னிடம் வந்துவிட்டாள். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள்தான். ஆறு வாரம் ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்தாள்.

இங்கிலீஷில் எனக்குப் பரம வைரி எது என்று என் மாணவிகளைக் கேட்டுப் பாருங்கள். அந்த 'எஸ்'தான். ஐ கோ, யூ கோ எல்லாம் சரியாக வரும். 'ஹி' என்று ஆரம்பித்ததும் வாலை விட்டுவிடுவார்கள். ஹி கோ! ஷி கம்! சிவப்பு மசியில் பாதி அந்த ஓர் எழுத்துக்கே செலவாகிறது.

பாக்கியத்துக்கு வேறு சிக்கல். அவன் போனாலும் 'கோஸ்', அவள் போனாலும் 'கோஸ்', அது போனாலும் 'கோஸ்' என்று நான் சொன்னதும் ஆடிப்போய்விட்டாள்.

"அவுகளும் கோஸ், ஆட்டுக்குட்டியும் கோஸா டீச்சர்? மருவாதி ஒண்ணும் கெடையாதா?"

நியாயமான கேள்விதான். வந்தான், வந்தாள், வந்தார் என்று வாய்க்கு வாய் தராதரம் பார்க்கிற நமக்கு இது அதிர்ச்சியாகத்தானே இருக்கும்? எப்படியோ சமாளித்தேன். எனக்கும் உனக்கும் இல்லாத ஓர் எழுத்தை அவருக்கு மட்டும் இங்கிலீஷ்காரன் கூடுதலாகத் தருகிறான் பார் என்றேன்.

"அப்பச் சரி. நமக்கு இல்லாத எழுத்து அவுகளுக்கு இருக்குல்ல... அது போதும்" என்றாள்.

அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு தடவைகூட அந்த 'எஸ்'ஸை அவள் விட்டதில்லை. மை ஹஸ்பண்ட் லிவ்ஸ் இன் கண்டி. ஹி வொர்க்ஸ் இன் எ ஷாப். ஹி ரைட்ஸ் டு மீ. அந்த எழுத்து வரும் இடத்தில் மட்டும் குரலைச் சற்று அழுத்துவாள். என் மாணவிகளை நினைத்து எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். அவளை உள்ளே கூப்பிட்டார்கள். என்னை வாசல் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கதவு திறந்தே இருந்தது. எங்கே இருக்கிறார், என்ன வேலை, எப்போது போனார் என்று வரிசையாகக் கேள்விகள். பதில்கள் டாண் டாண் என்று வந்தன. ஆபீஸரே நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து, கணவர் பெயர் என்ன என்று கேட்டார்.

பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு வாரம்! வேலையைச் சொல்லிக் கொடுத்தேன், ஊரைச் சொல்லிக் கொடுத்தேன்... பெயரைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் பூராவும் 'ஹி', 'ஹி' என்றே ஓட்டியிருக்கிறோம். எனக்கு ஏன் தோன்றவில்லை? எப்படித் தோன்றும்? புருஷன் பெயரைச் சொல்லாத பெண்களுக்கு நடுவேதானே நானும் வளர்ந்தேன், சீமையிலிருந்தா வந்தேன்?

பெயர் என்னவோ அவர் முன்னால் கிடந்த காகிதத்திலேயே இருக்கிறது. சரிபார்க்கத்தான் கேட்கிறார். மறுபடி கேட்டார். ஊரில் என்றால் பக்கத்தில் நிற்கும் குழந்தையைச் சொல்லச் சொல்லலாம். அங்கே யார் இருக்கிறார்கள்? பாக்கியம் தொண்டையைச் செருமினாள். நான் கொடுத்திருந்த இங்கிலீஷ் ரீடரில் படித்த வார்த்தைகளையெல்லாம் திரட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஹி லிவ்ஸ் ஆன் எ ஹில். ஹி ஸிட்ஸ் ஆன் எ பீகாக். ஹி ஹோல்ட்ஸ் எ ஸ்பியர்."

மூன்று 'எஸ்'ஸும் கணீரென்று விழுந்தன. அவள் கணவர் பெயர் பழனிவேல். நம் ஊராக இருந்தால் மயில் என்றதுமே பிடித்திருப்பார்கள். ஆபீஸர் முகம் மாறிவிட்டது. கண்டி என்றாய், இப்போது மலை என்கிறாய், மயில் என்கிறாய், யாரம்மா உன் கணவர் என்றார். பிறகு வெளியே எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

உள்ளே ஓடினேன். பழனிவேல் என்றேன். எங்கள் பக்கத்து வழக்கத்தை விளக்கினேன். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. அப்படியானால் நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு பாரத்தை எடுத்து அவரே நிரப்பத் தொடங்கினார். என் பெயர் கேட்டார். சொன்னேன். உத்தியோகம் சொன்னேன்.

"ஹஸ்பண்ட்'ஸ் நேம்?"

வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். ஒன்றும் வரவில்லை! கல்யாணமான நாளாக 'என்னங்க'தான். பள்ளிக்கூட ரிஜிஸ்தரில்கூடக் குமாஸ்தாதான் எழுதிக்கொண்டார். இப்போது சொல்லாவிட்டால் ஒருத்தியின் மூன்று வருஷக் காத்திருப்பு பாழ். தெரிகிறது. நன்றாகவே தெரிகிறது. நாக்கு அசைந்தால்தானே?

கடைசியில் நான் சொன்னது என்ன தெரியுமா? "ஹி டீச்சஸ் மாத்ஸ்."

வெட்கக்கேடு! ஆபீஸர் பேனாவுக்கு மூடி போட்டார். கணவர் பெயர் தெரியாத ஒருத்திக்குக் கணவர் பெயர் தெரியாத இன்னொருத்தி சாட்சி! ஃபைலை மூடக் கை போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் பாக்கியம் என்னை லேசாக ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"ஹெர் ஹஸ்பண்ட்'ஸ் நேம் இஸ் ........" என்று முழுப் பெயரையும் இனிஷியலோடு போட்டு உடைத்தாள். அவள் கிராமத்துக்குத் தபால் சரியாக வராததால், கண்டிக் கடிதங்கள் என் கணவர் பெயர் போட்டு எங்கள் வீட்டு விலாசத்துக்குத்தான் வரும். உறைக்கு உறை பார்க்கிற பெயர்தானே! அதோடு நிறுத்தவில்லை.

"ஷி நோஸ். ஷி டஸ் நாட் ஸே. ஐ நோ. ஐ டு நாட் ஸே."

எது எங்கே வர வேண்டுமோ அது அது அங்கங்கே வந்தது. ஆபீஸர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் கணவர் பெயரை நான் சொல்வேன், என் கணவர் பெயரை அவள் சொல்வாள், அவரவர் கணவர் பெயர் அவரவர் வாய்க்கு ஆகாது. பிடிபட்டதும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

பாக்கியம் சனிக்கிழமை கப்பலேறிவிட்டாள்.

புள்ளி வைத்த இடத்தில் என்ன பெயர் என்று கேட்கிறீர்களா? கண்டிக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.