மஹ்மூதா கேட்காத கடிதம்

நுரைச்சோலையில் மஹ்மூதாவைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் நல்ல வார்த்தைதான் வரும். ஒரு சுண்டு அரிசி கைமாற்று வாங்கியதில்லை, ஒரு இணுக்குக் கறிவேப்பிலைக்குக்கூட அடுத்த வளவுப் படலையைத் திறந்ததில்லை என்பார்கள். அவளும் அதைப் பெருமையாகத்தான் வைத்திருந்தாள். ஊர் ஒருவரைப் புகழும்போது, அந்தப் புகழுக்கு வீட்டில் யார் பட்டினி கிடந்தார்கள் என்று கேட்பதில்லை.

இந்த ரோசம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பது பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் முஸ்லிம்கள் எல்லாரும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டபோது அவளுக்கு வயது ஏழு. உடுத்த உடுப்போடு படகேறி, கற்பிட்டியில் கரை இறங்கி, பாலாவிப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் ஓலைக் குடிசை போட்டார்கள். நிவாரண அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற அவளுடைய உம்மாவைப் பார்த்து, அரிசி நிறுத்துக் கொடுத்த ஒருவன், "இவங்களுக்குக் கை நீட்டியே பழகிட்டு" என்று சிங்களத்திலும் தமிழிலும் ஒவ்வொரு தடவை சொல்லிச் சிரித்தான். அவளுடைய வாப்பா ஹயாத்து முகம்மது அன்றோடு யாரிடமும் எதுவும் கேட்பதை விட்டார். தோட்டக்கார ஹாஜியாரிடம் போய், இரண்டு வேளைச் சோறு போதும் என்று சொல்லி, தென்னைக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். சம்பளம் பேசவில்லை. அகதிகள் எல்லாரும் அவரைப் பைத்தியம் என்றார்கள். நாலாவது வருடம் ஹாஜியார் தானாகவே கூப்பிட்டு, பதினைந்து பேர்ச் காணியை அவர் பெயருக்கு உறுதி எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பதினைந்து பேர்ச்தான் மஹ்மூதாவின் தலைக்குள் குடியேறிவிட்டது. சோறு போட்டவனிடம் கேட்கக் கூடாது, நெளிவுசுளிவு இல்லாமல் வேலை செய்தால் அவனே பார்த்துக் கொடுப்பான் என்பது அவளுக்குக் கலிமா மாதிரி. அப்படிக் கேட்காமல் உழைத்து, ஒன்றும் கிடைக்காமல் மண்ணுக்குப் போனவர்கள் அதே தோட்டத்தில் எத்தனை பேர் என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை.

அவளுடைய புருசன் றஊப் கற்பிட்டிக்காரன், கடலில் பிறந்து வளர்ந்தவன். சொந்தமாக ஒரு பைபர் போட், இருபத்தைந்து குதிரை எஞ்சின். வாடைக் காலத்தில் டொல்பின் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களைக் கடலுக்குக் கூட்டிப்போவான், மற்ற நாட்களில் வலை. சச்சரவில்லாத மனுசன். இரண்டாயிரத்துப் பதினேழில் அவனுடைய போட்டில் ஏறியவர்கள்தான் மாரித்தும் அவளுடைய புருசன் ஓட்வாரும். நோர்வேயின் வடக்கே, கடல் உள்ளே நுழைந்து முடிகிற ஒரு மூலையில், முந்நூறு ஆடு வைத்துப் பண்ணை நடத்துகிறவர்கள். அடுத்த கடைக்கு நாற்பது கிலோமீற்றர். பஸ் கிழமைக்கு இரண்டு தரம்.

ஒரு கிழமை தொடர்ந்து றஊபின் போட்டிலேயே போனார்கள். ஆளை மிகவும் பிடித்துவிட்டது. போகும்போது மாரித் சொன்னாள்: கோடையில் எங்கள் பண்ணைக்கு வா, நாளுக்கு ஐந்து மணித்தியாலம் வேலை, சாப்பாடும் அறையும் எங்கள் பொறுப்பு, சம்பளம் இல்லை, பல நாட்டு ஆட்கள் அப்படி வந்து தங்கிப் போகிறார்கள். இன்னொன்றும் சொன்னாள். வருடத்துக்கு ஒருவரை ஆறு மாதம் சம்பளத்துக்கு எடுக்க அவர்களுக்கு அனுமதி உண்டு. அதற்கு அவர்கள் ஒரு வேலைக் கடிதம் எழுதினால் போதும்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் போட் விற்கப்பட்டது. விமானச் சீட்டுக்கு வேறு வழி இருக்கவில்லை. அதே கரையில் தொழில் செய்யும் ஜெமீல் வாங்கிக்கொண்டான். றஊப் எஞ்சினைத் தடவிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தபோது மஹ்மூதாவும் கூட நின்றாள். விசா தொண்ணூறு நாளுக்குத்தான், அதற்குள் அந்தக் கடிதம் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் திரும்பி வந்து நிற்பதற்குக் கடலில் அவனுக்கென்று ஒரு பலகைகூட இல்லை.

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை அவன் போனான். அங்கே பகல் பன்னிரண்டு மணிக்கு, இங்கே அஸர் தொழுகை நேரத்தில், தினமும் போன் வரும்.

"சூரியன் கீழ போவுதே இல்ல மஹ்மூதா. மஃரிபு எப்ப, இஷா எப்ப எண்டு ஒண்டும் வெளங்கல்ல. நம்மட ஊர் நேரத்த வச்சித்தான் தொழுறேன்."

"சாப்பாடு?"

"பாண், உருளக்கிழங்கு, மீன். சுத்தி முந்நூறு ஆடு நிக்கிது, எனக்கு ஒரு துண்டு எறச்சி ஹலால் இல்ல. ஆடுகள் என்னப் பாத்துச் சிரிக்கிற மாதிரி இரிக்கி."

அவள் வயிறு நோகச் சிரித்தாள். அந்த முதல் கிழமைகள் சந்தோசமாகத்தான் போயின. குளிர்பெட்டிக் கதவில் மாரித் ஒட்டி வைத்திருந்த தாளை அவன் வாசித்துக் காட்டினான். சப்பாத்தை வெளியே கழற்றுங்கள், படலையைச் சாத்துங்கள், ஏதாவது வேண்டுமென்றால் கேளுங்கள்.

"கடைசியில எழுதியிரிக்கிறது சும்மா மரியாதைக்கு," என்றாள் மஹ்மூதா. "நாங்க வாற ஆக்களுக்குச் செல்றதில்லயா? அதுக்காக யாரும் அலுமாரியத் தொறந்து கேப்பாங்களா?"

றஊப் ஐந்து மணித்தியாலம் வேலை செய்யவில்லை, பத்து செய்தான். மலையோரத்து வேலிக் கம்பி முழுவதையும் இழுத்துக் கட்டினான். ஆட்டுத் தொழுவத்துக்குச் சிவப்பு மை பூசினான். பத்து வருடமாகக் கரையில் கவிழ்ந்து கிடந்த ஓட்வாரின் பழைய படகு எஞ்சினைக் கழற்றிக் கழுவி ஓட வைத்தான். போதும், போய் இரு, ஊரைச் சுற்றிப் பார் என்று மாரித் துரத்தினாள். சுற்றிப் பார்க்க அங்கே கல்லும் தண்ணீரும்தான் இருந்தன. அவன் திரும்பவும் மண்வெட்டியை எடுத்தான்.

"பாத்துக்கிட்டுத்தான் இரிக்கிறாங்க," என்று மஹ்மூதா தைரியம் சொன்னாள். "கண்ணுள்ள சனம் எண்டா அவங்களே கூப்பிட்டுத் தருவாங்க."

ஹஜ்ஜுப் பெருநாளன்று அவன் அவசரமாக அழைத்தான். அன்று பெருநாள் என்று மாரித் எங்கேயோ வாசித்துத் தெரிந்துகொண்டு, மேசைக்குப் பூ வைத்து, உனக்கு இன்றைக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

"இண்டைக்குக் கேட்டாத் தந்திருவாங்க போல இரிக்கி. கேக்கவா?"

மஹ்மூதா புதுச்சட்டையோடு அடுப்படியில் நின்றாள். கேளுங்க என்று சொல்ல அவளுக்கும் ஆசைதான். ஆனாலும் வாய் பழக்கத்தில் போய் நின்றது.

"பெருநாளண்டு கை நீட்டுறதா? அவங்கட சோத்தத் திண்டுக்கிட்டு, கடிதமும் தாங்க எண்டு கேக்க வெக்கமா இல்லயா உங்களுக்கு? இத்தன நாள் உழைச்சதெல்லாம் இதுக்குத்தானா எண்டு நெனைப்பாங்க. வாணாம்."

"இதுக்குத்தானே வந்த நான்," என்றான் அவன்.

"எண்டாலும் செல்லக் கூடாது."

சரி என்று வைத்துவிட்டான். அன்று மாலை அவனுக்கு மாரித் ஒரு கேக் செய்து கொடுத்தாள்.

ஆவணி கடைசியில் நீனோ என்றொரு பெண் வந்தாள். ஜோர்ஜியா நாட்டுக்காரி, நாற்பதை நெருங்கியவள், கட்டையான ஆள், பேச்சு மட்டும் நீளம். வந்த மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டு மேசையில், உருளைக்கிழங்குத் தட்டை எட்டி எடுத்த கையோடு கேட்டாள்: அடுத்த வருடம் சம்பளத்துக்கு எனக்கு வேலை தருவீர்களா, கடிதம் எழுதுவீர்களா? ஓட்வார் மாரித்தைப் பார்த்தார். மாரித் றஊபைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்று அவன் பிறகு சொன்னான். அவன் தலையைக் குனிந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். சரி, எழுதலாம் என்றாள் மாரித்.

இதை அவன் போனில் சொன்னபோது குரலில் கோபமே இல்லை. மஹ்மூதாவுக்குத்தான் வந்தது.

"மூணு நாளையில கேட்டாளா? வெக்கம் கெட்டவள்!"

"வெக்கம் கெட்டவள்தான். கடிதம் அவட கையில."

"உங்களுக்கு வேற ஏதும் வச்சிருப்பாங்க. பொறுங்க."

வைத்திருந்தார்கள். தொண்ணூறாம் நாள், கையால் பின்னிய ஒரு கம்பளிச் சட்டை, இரண்டு போத்தல் ஜாம், ஆடுகளுக்கு நடுவே அவன் நிற்கும் ஒரு படம். இறங்குதுறை வரைக்கும் வாகனத்தில் கொண்டுவந்து விட்டு, மாரித் கண்கலங்கினாள். புத்தளத்து வெயிலில் அந்தக் கம்பளிச் சட்டையைத் தொடவே வியர்த்தது.

தேநீர்க் கடையில் சனம் பேசித் தீர்த்தது. போட்டை வித்துட்டு வெள்ளக்காரன்ட ஆட்டுக்குச் சும்மா புல்லு வெட்டப் போன கதை கேட்டியா என்றார்கள். றஊப் மஹ்மூதாவை ஒரு சொல் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவள் பதிலுக்குத் திட்டி, அழுது, ஆறியிருப்பாள். அவன் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து போனான். காலமையில் ஜெமீலிடம் போய், இப்போது நீல மை பூசப்பட்டிருந்த தன் பழைய போட்டிலேயே கூலியாளாக ஏறினான். எஞ்சின் பக்கம் ஜெமீலின் தம்பி. றஊபுக்கு முன்பக்கம், கயிறு பிடிக்கும் இடம்.

தை மாதம் மாரித்தும் ஓட்வாரும் மறுபடியும் வந்தார்கள். டொல்பின் பார்க்கக் கரைக்கு வந்தவர்கள் றஊபைக் கண்டு கட்டிப் பிடித்தார்கள். உன் போட்டுக்கு நீலம் நன்றாக இருக்கிறது என்றாள் மாரித். அவன் திருத்தவில்லை. கடலுக்குள் போன பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மனதில் இருந்ததைச் சொன்னாள். கோடை முழுவதும் நானும் ஓட்வாரும் உன்னைப் பற்றித்தான் பேசினோம், நீ கேட்பாய் கேட்பாய் என்று காத்திருந்தோம், கேட்கவே இல்லை. நாங்களாகச் சொன்னால் மறுக்க முடியாமல் சம்மதித்துவிடுவாய் என்று பயந்தோம். மனைவியை விட்டு இருக்க மனமில்லை என்று விளங்கிக்கொண்டோம். நீனோ இந்த வருடம் வரவில்லை, ஸ்பெயினில் வேலை கிடைத்துவிட்டது, மாசி மாதம் புது ஆள் தேட வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்து றஊப் இதை அப்படியே சொன்னான். மஹ்மூதா குசினிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். காத்திருந்தார்கள் என்ற சொல்தான் அவளைக் கொன்றது. இரண்டு பக்கமும் மரியாதையாகக் காத்திருந்து, நடுவில் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்திருக்கிறது.

"இன்னும் இடம் இரிக்கி எண்டாளே," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்ப கேளுங்களன்."

"நான் கேக்க மாட்டேன். நாளைக்குப் பகல் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிரிக்கிறேன். மூணு மாசம் என்ட வாயக் கட்டி வச்சது நீ. நீயே கேளு. நீ செல்றத இங்கிலீசில நான் செல்றேன்."

பழிவாங்கினான் என்று சொல்வதற்கில்லை. அவளுடைய வாயிலிருந்தே அந்தக் கேள்வி வருவது அவனுக்கும் தேவைப்பட்டது.

மஹ்மூதா விடியற்காலையிலிருந்து சமைத்தாள். நெய்ச்சோறு, பாரை மீன் பொரியல், கணவாய் ஆணம், வட்டிலப்பம். தேங்காய் துருவும்போதும் மீன் புரட்டும்போதும் அதே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள்: இவருக்கு அந்த வேலைக் கடிதத்தத் தாங்க. ஐந்து சொல். ஒரு தடவை மீன் சட்டியிடம் சத்தமாகவே கேட்டாள். முடியும் என்று நம்பிக்கை வந்தது.

விருந்தாளிகள் வந்தார்கள், நெய்ச்சோற்றை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஓட்வார் பெல்ட்டைத் தளர்த்தினார். மாரித் கை கழுவிவிட்டு வந்து, மஹ்மூதாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அவளுடைய முகத்தையே பார்த்து ஏதோ கேட்டாள்.

"எங்களுக்கு இவ்வளவு செய்யிறீங்க. உங்களுக்கு நாங்க ஏதாவது செய்யணுமா, எது எண்டாலும் செல்லுங்க எண்டு கேக்கிறாங்க," என்றான் றஊப்.

இதைவிட வழி திறந்து யாரும் கேட்க மாட்டார்கள். மஹ்மூதா வாயைத் திறந்தாள். மாரித்தின் கையில் இன்னும் நெய் மணம் இருந்தது. சோறு போட்ட கை காய முன்பு கூலி கேட்கிறதா என்று உள்ளே ஏதோ சீறியது. ஐந்து சொல்லும் நாக்கடியில் வந்து வரிசையாக நின்றன. ஒன்றுகூட வெளியே அடி வைக்கவில்லை.

"எங்களுக்கு ஒண்டும் வாணாம், அல்ஹம்துலில்லாஹ். ஒரு கொறையும் இல்ல எண்டு செல்லுங்க," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தும் காட்டினாள்.

றஊப் அவளையே பார்த்தான். மாற்றிச் சொல்ல அவனுக்கு ஒரு கணம் போதும், மஹ்மூதாவுக்கு இங்கிலீசு விளங்கப் போவதும் இல்லை. மாற்றிச் சொல்லட்டும் என்று அவள் அல்லாஹ்விடம் கெஞ்சினாள். அவன் மாரித் பக்கம் திரும்பி, ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் அதையே இங்கிலீசில் சொன்னான்.

மாரித்தின் முகம் மலர்ந்தது. ஓட்வாரின் தோளில் தட்டி, இங்கிலீசிலேயே ஏதோ சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று மஹ்மூதா கேட்டாள்.

"நான் அப்பவே சென்னேனே, இந்த மனுசன் வீட்டில சந்தோசமா இரிக்கிறான், இவனத் தொந்தரவு பண்ணக் கூடாதெண்டு, அப்பிடிங்கிறா," என்றான் றஊப்.