இரும்புக் கல்லும் முதல் குடமும்

பாறையைப் பற்றிப் படித்துவிட்டு திருவண்ணாமலையில் பிழைக்க வந்தால், போர் போட இடம் காட்டுவதுதான் தொழில். தண்ணீர் வந்தால் சாமி புண்ணியம், வராவிட்டால் சார் தப்பு. இதே தொழிலில் அவதிப்படும் சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா!

எங்கே அடிப்பது?

தொண்ணூறுகளில் வந்த புதிது. மலையடிவாரத்தில் ஒரு பாறையைப் பார்த்ததும் ஆசையாகச் சுத்தியலை ஓங்கினேன். கிரிவலப் பாதையில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மலை மேல சாமி இல்ல சார், மலையேதான் சாமி. கால்லயா, இடுப்புலயா, எங்க அடிப்பீங்க?"

இழுக்கிற கல்

அதிலிருந்து மாதிரிக் கற்களை வேறு குன்றுகளில்தான் எடுப்பேன். அவற்றில் ஒன்று என் செல்லம். கறுப்பாக இரும்புத் தாது, நடுநடுவே வெள்ளைக் கோடுகள். காந்தம் வைத்தால் கப்பென்று ஒட்டும்.

அடி அண்ணாமலை கிராமத்தில் கிரிவலப் பாதையோரமாகத் தனியாளாய்ப் பயிர் வைத்திருந்த கன்னியம்மாவுக்கு இடம் பார்க்கப் போனபோது அது பையில் இருந்தது. கிணறு வறண்டு, பூ விட்ட மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடி வாடிக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லையென்றால் நிலத்தை மனைத் தரகரிடம் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். கம்பிகளை நட்டு, மின்சாரம் செலுத்தி, அடியில் பாறை விரிசல் விட்டிருந்த இடத்தைப் பிடித்தேன். அடையாளத்துக்கு என் செல்லத்தையே நட்டு, காந்தம் ஒட்டுவதையும் காட்டினேன்.

"இரும்பையே இழுக்குதா? அப்ப தண்ணியையும் கொஞ்சம் இழுக்கச் சொல்லுங்க சார்."

பௌர்ணமிக்கு மறுநாள்

நடுவில் பௌர்ணமி வந்ததை மறந்துவிட்டேன். போர் வண்டி வந்து நின்றபோது, என் கல்லில் குங்குமம், அரளி மாலை, கற்பூரக் கரி! வெள்ளைக் கோடுகளை விபூதிப் பட்டையாகக் கண்டு, கிரிவலம் போனவர்கள் கும்பிட்டிருக்கிறார்கள். சாமி இருந்த இடத்தில் துளை போட மாட்டேன் என்று வண்டிக்காரர் கிளம்பப் பார்த்தார். வெறும் இரும்புத் தாது என்று நான் தொண்டை வற்றக் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. கன்னியம்மா மட்டும் கல்லைப் பிள்ளைபோல் இடுப்பில் தூக்கி, வரப்பில் வைத்தார்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருப்பா. தண்ணி வந்தா மொதக் குடம் ஒனக்கு. வரலன்னா, அடுத்த பௌர்ணமிக்கு ஒனக்கு விளக்கேத்த நான் இங்க இருக்கமாட்டேன்."

இரண்டாவது குடம்

வண்டிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை ஓட்டினார். வெகுநேரம் வெறும் புழுதி. நான் என் அளவுக் குறிப்பையே திரும்பத் திரும்பப் புரட்டினேன். கன்னியம்மாவோ நகரவே இல்லை. பிறகு புழுதி சேறாகி, தண்ணீர் பீறிட்டது. அழுதுகொண்டே முதல் குடத்தைக் கல்லின் தலையில் ஊற்றினார். அந்த நெஞ்சுறுதியை இன்றும் வியக்கிறேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "இடம் காட்டினது நான்தாங்க" என்று முனகினேன்.

"சாமியத் தூக்கிட்டு வந்ததே நீங்கதான சார்! ரெண்டாவது குடம் ஒங்களுக்குத்தான், தலையக் குனிங்க."

பாறை படித்த சகாக்களே, இந்த ஊரில் நமக்கு ஒரு கல்லுக்கு அடுத்த இடம் கிடைத்தாலே அது பெரிய பதவி உயர்வுதான்.