ஒழுங்கைப் படலை

இளம் பிள்ளைகளுக்கான அந்த மனநல நிலையம் முதலில் கொக்குவிலில், ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் இருந்த வாடகை வீட்டில் நடந்தது. பக்கத்து வளவில் ரியூசன் நடக்கிற ரியூட்டரி. நிலையத்துக்கு வருகிற பிள்ளைகளும் கையில் கொப்பியோடு வருவார்கள். கண்டவர்கள் படிக்கப் போகுதுகள் என்று நினைப்பார்கள். மழைக்கு வீடு ஒழுகும். ஆனாலும் பிள்ளைகள் வந்தார்கள்.

புதிய கட்டடத்துக்குப் படம் கீறும் வேலை எனக்குக் கிடைத்தது. காணி பெரிய ரோட்டோரம், பின்பக்கம் ஒழுங்கை. படித்த மேதாவி அல்லவா, வெளிச்சம், காற்று, நடுவில் முற்றம் என்று கீறிக்கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் காட்டினேன். சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வருகிற ஒருத்தி, ஏ.எல். சோதனை எழுத இருந்தவள், நெடுநேரம் பார்த்தாள்.

"அக்கா, ஒழுங்கைப் பக்கம் ஒரு சின்னப் படலை வையுங்கோ. நான் இஞ்சை வாறது வீட்டிலை தெரியாது. ரோட்டாலை எண்டா என்னாலை வரேலாது."

வைத்தேன். கட்டடக் குழு வாஸ்துக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தது. படலை தென்மேற்கில் வருகிறது, அங்கே வாசல் வைத்தால் கட்டடம் உருப்படாது என்றார் அவர். காசு தந்த வெளிநாட்டுக்காரரோ, ரோட்டு வாசலில் தன் தாயின் பெயர் போட்ட வளைவுக்குக் கீழால்தான் எல்லாரும் போகவேண்டும் என்றார். ஒருமுறை மறுத்துப் பார்த்தேன். இரண்டாம் முறை வாய் திறக்கவில்லை. அடுத்த வேலையும் அவர்களிடம்தான் இருந்தது. படலை இருந்த இடத்தில் சுவரைக் கீறிக் கையெழுத்தும் போட்டேன்.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. எனக்குப் பொன்னாடை வேறு. 'இளையோர் மனநல நிலையம்' என்ற எழுத்து பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும். உள்ளே வாங்குகள் எல்லாம் புதுசு, இருக்கத்தான் ஆளில்லை. அந்தப் பிள்ளை ஒருநாள் கேற்றடி வரைக்கும் வந்து, போர்டைக் கண்டதும் சைக்கிளை நிறுத்தாமலே போய்விட்டாள் என்று அங்கே வேலை செய்கிறவர் சொன்னார். சோதனையும் எழுதவில்லையாம். என்னில் எனக்கே வெறுப்பு வந்தது.

பிறகு ஒருநாள் சுன்னாகம் சந்தையில் அவளைக் கண்டேன். நன்றாக மெலிந்திருந்தாள். பக்கத்தில் தாய் வெங்காயம் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

"ஏன் பிள்ளை இப்ப வாறேல்லை?" என்று கேட்டுவிட்டேன்.

தாய் நிமிர்ந்தார். "ஆர் பிள்ளை இவ?"

அவள் முகம் வெளுத்துப்போனது.

"ரியூசன் ரீச்சர், அம்மா."

தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே படுக்கை, ரீச்சர். ஒரு இடமும் போறாளில்லை. நீங்களாவது சொல்லுங்கோவன்."

சொல்லுகிறேன் என்று தலையாட்டினேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.