தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர்

வேனின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து விட்டுக் கழுவி வைக்கும்படி மகள் போனில் சொன்னாள். சரி என்று சொல்லிவிட்டு ஒன்பது நாள் சும்மா இருந்தேன். அவளும் மாப்பிள்ளையும் நாலு வயதுப் பேத்தியும் பெங்களூரிலிருந்து வந்து, அந்த வேனை எடுத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போவதாகத் திட்டம். கே.கே. நகரில் எங்கள் வீட்டு வாசலில் பதினோரு மாதமாக உறை போட்டு நிற்கிறது அது. தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரர் கடைசிப் பயணத்தில் குடித்த தண்ணீர்.

ரிட்டையர் ஆனால் மற்ற ஆண்கள் செடி வைப்பார்கள், கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். இவர் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதை வீடாக மாற்றினார். கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவ சின்ன சிங்க், கட்டிலுக்கு அடியில் நூறு லிட்டர் தொட்டி, குழாயைத் திறந்தால் தானாகத் தண்ணீர் தள்ளும் ஒரு பம்ப். ஒன்றரை வருஷம் அதற்குள்ளேயே கிடந்தார். சாப்பிட மட்டும் வீட்டுக்குள் வருவார். நான் இலை போட்டு வரவேற்கட்டுமா என்று கேட்பேன்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவர் மடி ஆசாரக்காரர். முதல் பயணத்துக்கு முன்னால் இரண்டு நாள் தொட்டியைக் கழுவினார்; அந்த முதல் பயணமே கடைசியாகவும் போயிற்று. பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் பழைய வேட்டியில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றி, மேலே தண்ணீர் நிரப்பினார். குழாயைத் திறந்து, பவுடர் வாடை வரும் வரைக்கும் ஓடவிட்டார். மருந்து தொட்டியோடு நின்றுவிட்டால் பிரயோஜனம் இல்லை, குழாய்க்குள்ளும் போக வேண்டும் என்பார். தண்ணீர் அலம்பித் தொட்டியின் மூடி வரை படவேண்டும் என்று வேனை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக மெதுவாகச் சுற்றினார். ஊருக்கா என்று கேட்டவர்களிடம், தொட்டி குளிக்கிறது என்று பதில் சொன்னார். மறுநாள் எல்லாவற்றையும் வடித்து, வாடை போகும் வரை மூன்று தடவை நல்ல தண்ணீர் விட்டு அலசி, கடைசியில்தான் ஃபில்டரை மாட்டினார்.

அவர் செய்தது எல்லாம் சரி. தப்பு செய்தது நான்.

நான் பிறந்தது ஸ்ரீரங்கம். எங்கள் வீட்டில் புதுக் குடமோ, புதுத் தொட்டியோ, எதில் தண்ணீர் பிடித்தாலும் முதலில் ஒரு சொம்பு காவேரி விட்ட பிறகுதான் வாயில் வைப்போம். அவர் தொட்டியை நிரப்பிய அன்று காலை, டவுன் பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனேன். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்திருந்த நேரம். செம்மண் நிறம். பக்கத்துப் படியில் யாரோ காரியம் முடித்துப் பிண்டம் கரைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பித்தளைச் சொம்பில் மொண்டுகொண்டேன். தள்ளிப் போனால் போதும் என்று நினைத்தேன், படித்தவள்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவர் மொட்டை மாடியில் இருந்தார். வேனுக்குள் ஏறிக் கட்டில் பலகையைத் தூக்கி, மூடியைத் திருகி, சொம்பைக் கவிழ்த்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் இரண்டு நாள் கழுவுவார்.

முசிறி, தொட்டியம் வழியாகக் கொல்லிமலைக்குப் போனோம். தொட்டியத்தில் ஒரு வாழைத்தோப்பு ஓரம் நிறுத்தி, டீக்கடை பஜ்ஜி சாப்பிட்டோம். அவர் குழாயைத் திறந்து டம்ளர் டம்ளராகக் குடித்தார். நான் டம்ளரை நீட்டியபோது மட்டும் தடுத்து, கேன் தண்ணீரை ஊற்றினார்.

"உனக்கு வேணாம். இன்னும் கொஞ்சம் குளோரின் வாடை இருக்கு, உனக்குக் குமட்டும்" என்றார்.

மூன்று நாளும் அப்படித்தான். டீக்கும் சமையலுக்கும் கொதிக்க வைக்கிற தண்ணீர் தொட்டியிலிருந்து, எனக்குக் குடிக்க மட்டும் கேனிலிருந்து. என் காவேரியை நானே குடிக்க முடியவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட.

திரும்பி வந்ததும் அவருக்கு வயிற்றால் போனது, பிறகு காய்ச்சல். சர்க்கரை உடம்பு. ஆஸ்பத்திரியில் எட்டு நாள்தான் இருந்தார். எந்தத் தண்ணீர் குடித்தார் என்று டாக்டர் கேட்டார். இரண்டு நாள் கழுவிய தொட்டி, டாக்டர் என்றேன். அப்படியென்றால் வெளியே சாப்பிட்டதாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நான் உடனே பஜ்ஜியைப் பற்றிச் சொன்னேன். சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த பஜ்ஜியைத்தான் சொன்னேன். நல்ல பஜ்ஜி அது.

பேட்டரி செத்துப் போகாமலிருக்க மாதம் ஒரு தடவை வேனை ஸ்டார்ட் செய்து, எல்லா சுவிட்சையும் போட்டு வைப்பேன். அப்போது பம்ப் டுர்ரென்று இரண்டு நொடி ஓடி நிற்கும். குழாய் மூடித்தான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடும். பம்ப் தானாக ஓடினால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம், அவரே சொல்லிக்கொடுத்தது. எனக்குத் தெரியும். தெரிந்தும், அவர் உள்ளே டம்ளரில் பிடிக்கிறார் என்றுதான் தோன்றும். பட்டப்பகலில் முதுகு சில்லிடும். பயந்துகொண்டே அடுத்த தடவை ஓடும் வரைக்கும் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். அந்தத் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

மகள் வந்து பார்த்தாள். உறையைக்கூட நான் கழற்றவில்லை.

"குழந்தை குடிக்கிற தண்ணிம்மா" என்றாள். தொட்டியின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகை நானே திறந்தேன். பாசி வாடையோடு பச்சையாக வந்தது. கடைசியில் கொஞ்சம் செம்மண். அது செம்பருத்திச் செடியைத் தாண்டிச் சாக்கடைக்குப் போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் செய்தபடியே செய்தேன். மருந்து ஊற்றி, குழாயில் வாடை வரவிட்டு, மாப்பிள்ளையைத் தெருவில் சுற்றிவரச் சொல்லி, ஒரு நாள் ஊறவிட்டு, மறுநாள் அலசினேன். மூன்று தடவை. நான்காவது. ஐந்தாவது தடவை திருகைத் திறக்கப் போனபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாடை போய் ரொம்ப நேரமாயிற்று என்றாள். அப்போதுதான் சொன்னேன், சொம்பு, புதுத் தண்ணீர், பிண்டம் எல்லாவற்றையும். உங்கப்பாவை நான்தான் கொன்றேன் என்றும் சொன்னேன்.

அவள் கையை விடவில்லை.

"அப்பாவுக்குத் தெரியும்மா. நீ சொம்போட வேனுக்குள்ள போறதை மாடியிலேருந்து பார்த்துட்டாராம். கொல்லிமலையிலேருந்து எனக்கு போன் பண்ணி சிரிச்சார். உங்கம்மா பஸ் ஏறிப் போயி கொண்டாந்து ஊத்தியிருக்கா, அதைத் திறந்து விட மனசு வரலைன்னார். அவ மட்டும் குடிக்காம நான் பாத்துக்கறேன், நீ இதை அவகிட்ட சொல்லிடாதேன்னார்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தொட்டி மூடியில் ஒரு பல்லி ஓடினாலே திரும்பக் கழுவுகிற மனுஷன். ஒரு பிடி பவுடர் போட்டிருக்கலாம். கொதிக்க வைத்துக் குடித்திருக்கலாம். என்னைத் திட்டியிருக்கலாம், முப்பத்தாறு வருஷத்தில் அதற்கொன்றும் குறைச்சல் இல்லையே. உட்கார வைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது, கேட்பதற்கு ஆள் இல்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை சிங்கின் அடியில் ஒழுகிய குழாய் இணைப்பைக் கண்டுபிடித்து முறுக்கிவிட்டார். தொட்டியில் புதுத் தண்ணீர் பிடித்து, ஃபில்டரை மாட்டி, சுவிட்சைப் போட்டோம். பம்ப் ஒரு தடவை ஓடி நின்றது. மறுபடி ஓடும் என்று காத்திருந்தேன். ஓடவில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஓடவே இல்லை.

பேத்தி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள். முதலில் பாட்டி குடிக்கிறேன் என்று அதை வாங்கிக்கொண்டு, குழாயைத் திறந்து பிடித்துக் குடித்தேன். அந்தக் குழாயிலிருந்து நான் பச்சைத் தண்ணீர் குடித்தது அன்றைக்குத்தான். குளோரின் வாடை துளிகூட இல்லை. அவர் என் டம்ளரைத் தடுத்த அன்றைக்கும் இருந்திருக்காது.