தெருவே அணைத்துக் கொடுத்த வைஃபை

வைஃபை பெட்டிகள் ஒன்றின் பேச்சில் மற்றொன்று குறுக்கிடாமல் அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்ள வழி செய்வதுதான் என் உத்தியோகம். சங்கரன்கோவில் வீட்டு மாடியில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். அதனால் தெருவில் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. அதை வளர்க்க நானும் பாடுபட்டிருக்கிறேன்.

நெட் மாட்டித்தரும் அண்ணாச்சி எல்லா வீட்டுப் பெட்டியையும் ஆறாம் சானல் என்ற ஒரே அலைவரிசையில்தான் வைப்பார். கேட்டால், "ஆறு முருகனுக்கு உள்ளதுல்லா" என்பார். எல்லாரும் ஒரே சானலில் கத்தினால் யாருக்கும் உருப்படியாக ஒன்றும் கேட்காது. ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, என் பதவி உயர்வைத் தீர்மானிக்கும் வீடியோ கூட்டம். காலையிலேயே வீடு வீடாகப் போய், ஒரு மணி நேரம் மட்டும் பெட்டியை அணைத்து வைக்கச் சொன்னேன்.

கைக்குழந்தையோடு நின்ற எதிர்வீட்டுப் பெண் மட்டும் தயங்கினாள். கணவர் சவூதியில் ஓட்டல் வேலை. வாரத்தில் அந்த நேரம்தான் அவருக்கு ஓய்வு. செல்போன் சிக்னலோ எங்கள் தெருவுக்குள் நுழையாது. "பிள்ளை இன்னைக்குத்தான் மொத தடவையா குப்புற விழுந்தான். இவுக பாக்கணும்னு இருந்தாக. சரி, உங்களுக்கு உத்தியோக விஷயம்லா அண்ணாச்சி" என்று அணைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்கு இடைஞ்சல் இல்லாத வைஃபை பற்றி நான் பேசத் தொடங்கினேன். மூன்றாவது வாக்கியத்திலேயே படம் உறைந்தது. மேலதிகாரிகளுக்கு என் திறந்த வாய்தான் தெரிந்திருக்கும். எவனோ அணைக்கவில்லை என்று கொதித்துப்போய் செல்போனில் தேடினேன். தெரு மொத்தத்துக்கும் மூன்று வைஃபை சிக்னல்கள்தான். மூன்றும் என்னுடையவை. மெயின் பெட்டி ஒன்று, அது எட்டவில்லையென்று நானே அடுக்களையிலும் மாடியிலும் மாட்டி, முழு சக்தியில் முடுக்கிவிட்ட, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர்கள் இரண்டு. ஒன்றை மற்றொன்று பேசவிடவில்லை. ஓடிப்போய்ப் பிடுங்கிவிட்டு வருவதற்குள், பதவி உயர்வை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கூட்டத்தை முடித்திருந்தார்கள்.

வாசலில் எதிர்வீட்டுப் பெண் நின்றாள். பிள்ளை கவிழ்ந்ததற்குச் செய்த கொழுக்கட்டை, தட்டில்.

"அவுக கூப்பிட்டுப் பாத்திருக்காக, கிடைக்கலன்னு வேலைக்குப் போயிட்டாக. இனி அடுத்த வெள்ளிதான். உங்களுக்காவது நல்லபடியா முடிஞ்சுதா அண்ணாச்சி?"

அவமானத்தில் என் தலை தானாகவே ஆமாம் என்று ஆடியது. மேற்கொண்டு எதுவும் கேட்டுவிடுவாளோ என்று பயந்து, ஒரு முழுக் கொழுக்கட்டையை அப்படியே வாயில் திணித்துக்கொண்டேன்.