சவப்பெட்டியில் துள்ளிய லில்லி

ஹெர்ட்டா பிளாஷ்கே பிணமாக நடிப்பதில் கெட்டிக்காரி. வைசென்சே ஏரிப்பக்கம், கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டுடியோக்களில் பேய்ப்படம் எடுப்பவர்கள் செத்தவள் வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இமை துடிக்காது. மூச்சு விடுவதே தெரியாது.

1918இல் போர் முடிந்தபின் வந்த முதல் குளிர்காலம். பெர்லினில் ரொட்டியில் பாதி கிழங்கு மாவுதான். ஹெர்ட்டாவுக்கு ஆறாம் மாதம். இதற்கு முன் உண்டான இரண்டும் தங்கவில்லை. நான் அந்த வட்டாரத்துத் தாய்மார்களைக் கவனிக்கும் நர்ஸ். ஒருநாள் காலையில் கோட்டுக்குக்கூடப் பொத்தான் போடாமல் என்னிடம் ஓடி வந்தாள்.

"சிஸ்டர், நேத்திலேருந்து அசையவே இல்ல."

குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு கேட்கும் மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டேன். எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை.

"போயிடுச்சா?"

"குழலுக்கு அகப்படலன்னா போயிடுச்சுன்னு அர்த்தமா? இனிப்பா எதையாவது குடிச்சிட்டு, கொஞ்ச நேரம் ஆடாம அசங்காம படு. இருந்தா அதுவே சொல்லும்."

"படுக்க எங்க நேரம்? ஷூட்டிங் இருக்கு."

"என்ன வேஷம்?"

"வேற என்ன, பிணம்தான்."

"அப்புறம் என்ன? அங்கதான் படுக்கப் போறியே. நட, நானும் வரேன்."

பீட்ரூட் பாகை வெந்நீரில் கரைத்துக் குடிக்கவைத்து, கூடவே போனேன்.

ஒரே படத்தில் ஐந்து பயங்கரக் கதைகள். ஆனால் நடிகர்கள் அதே ஆட்கள்தான். மீசையை மாற்றிக்கொண்டு அடுத்த கதைக்குள் வந்துவிடுவார்கள். முதல் கதையில் ஹெர்ட்டா ஏரியில் மூழ்கியவள், இரண்டாவதில் விஷம் குடித்தவள். அன்று நான்காவது கதை. முகத்தில் மஞ்சள் சாயம் பூசி, வயிறு தெரியாமல் வெள்ளைத் துணி போர்த்தி, பெட்டிக்குள் கிடத்தினார்கள். வயிற்றின்மேல் கை கோர்த்து, அதில் ஒரு காகித லில்லி.

கொலைகாரனாக நடிக்கும் ஆல்வின் குனிந்து பார்த்தார். "உன்னை எத்தனை தடவைதான் கொல்றது ஹெர்ட்டா? உன் வீட்டுக்காரர் என்னைத் தேடி வரப் போறார்."

"வந்தா மீசைய மாத்திக்கோங்க," என்றாள். வழக்கமாகக் கூடவே வரும் சிரிப்பு வரவில்லை.

மேகம் விலகி வெயில் கூரை வழியாக இறங்கியது. இயக்குநர் மெர்ட்டென்ஸ் கத்தினார், கேமராக்காரர் கைப்பிடியைச் சுற்றினார். ஆல்வின் பெட்டியருகே மண்டியிட்டு அழுதார்.

லில்லி துள்ளியது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். மறுபடியும் துள்ளியது, இந்தத் தடவை நன்றாகவே. ஹெர்ட்டாவின் மூடிய கண்ணிலிருந்து மஞ்சள் சாயத்தில் கோடு போட்டுக்கொண்டு கண்ணீர் இறங்கியது.

"நிறுத்து!" என்றார் மெர்ட்டென்ஸ். "ஏம்மா, செத்தவ அழுவாளா? பூவை வேற ஆட்டுற!"

"நான் ஆட்டல ஐயா." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "சத்தியமா நான் இல்ல."

"பின்ன யாரு, பேயா?"

"அவ பொய் சொல்லல," என்றேன் நான். "உள்ள இருக்கறது உதைக்குது. நேத்திலேருந்து அதுக்காகத்தான் காத்திருந்தோம்."

ஆல்வின் மண்டியிட்டபடியே தொப்பியைக் கழற்றினார். மெர்ட்டென்ஸ் கூரையைப் பார்த்தார்; வெயில் போய்விட்டிருந்தது. இனி அன்றைக்குத் திரும்ப எடுக்க முடியாது.

"எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும்," என்றார். "ஆனா உள்ள இருக்கறவனுக்குச் சம்பளம் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்."

உள்ளே இருந்தது அவன் இல்லை, அவள். மே மாதம் நான்தான் பிரசவம் பார்த்தேன். எடை குறைவு, குரல் அதிகம்.

இலையுதிர்காலத்தில் படம் வந்தது. பகல் காட்சிக்குப் போனோம். ஊமைப் படத்துக்கு வாசித்த பியானோ தணிந்தது, பிணத்தின் கையில் லில்லி துள்ளியது, கொட்டகையே அலறியது. பக்கத்து நாற்காலி அம்மாள் என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

ஹெர்ட்டா மட்டும், மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தவளின் காதருகே குனிந்தாள்.

"பாருடி, எல்லாரும் உன்னைப் பார்த்துதான் கத்துறாங்க."

குழந்தை வாயை எடுக்கவில்லை.